‘சகுனம்’ என்ற சொல்லின் வழியே: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு – ஒரு மதிப்புரை

ஓர் அகராதி எத்தகையது என்பதை அதன் முன்னுரை சொல்லிவிடாது. ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் பொருளும் பிறப்பும் அந்த அகராதிக்குள் எவ்வளவு தூரம் கிடைக்கின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்று பார்த்தால்தான் அதன் தரம் விளங்கும். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதும், பலர் ‘லெக்சிகன்’ என்றே குறிப்பிடுவதுமான தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன்னுடைய தெற்காசிய எண்ணிம அகராதிகளின் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. அந்தப் பதிப்பை மதிப்பிடுவதற்கு நான் தேர்ந்தெடுத்த சொல் ‘சகுனம்’. அன்றாடம் நம் வாயில் வருகிற சொல் இது. பேச்சில் சகினம் என்றும் சவுனம் என்றும் திரிந்தும் வழங்குகிறது. எல்லோருக்கும் பொருள் தெரிந்த இப்படிப்பட்ட சொல்லிடம்தான் ஓர் அகராதியின் உண்மையான உழைப்பு வெளிப்படும் என்பது என் எண்ணம்.

பேரகராதியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியை அடித்தளமாகக் கொண்டு, 1913இல் சான்ட்லர் பொறுப்பில் இதன் பணி தொடங்கியது. முதற்பகுதி 1924இல் வெளிவந்தது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நடத்த, 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தி, 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இந்நூலின் அச்சுத் தொகுதிகள் எடை மிகுந்தவை. எல்லா நூலகங்களிலும் முழுமையாகக் கிடைப்பவையும் அல்ல. ஆகவே, இது இணையத்தில் கிடைப்பதே தமிழ் படிப்பவர்க்குப் பேருதவி.

பேரகராதியின் ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கிறது. முதலில் தமிழ் எழுத்தில் தலைச்சொல்லும், அதையடுத்து மேலும் கீழும் குறியிட்ட ரோமன் எழுத்துகளில் அதன் ஒலிபெயர்ப்பும் வருகின்றன. பிறகு இலக்கண வகையும் சொற்பிறப்பும். பிறகு ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள். இறுதியாக, கிடைத்த இடங்களில், இலக்கிய மேற்கோளும் நூற்பெயரின் சுருக்கமும். இந்த ஒழுங்கு ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால், மூன்று நான்கு வரிகளுக்குள் ஒரு சொல்லின் வாழ்க்கைக் குறிப்பையே படித்துவிட முடிகிறது. சகுனம் என்று தேடினால், அது வடமொழியின் ‘சகுன’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்ற குறிப்பையும், நிமித்தம் என்ற பொருளோடு பறவை என்ற பொருளையும் காணலாம். சகுனம் என்றால் பறவை! பூனை குறுக்கே போவதையும் தும்மலையும் பல்லியின் ஒலியையும் ஒரே பெயரால் சுட்டிப் பழகிய நமக்கு, அந்தப் பெயரே ஒரு பறவையின் பெயர்தான் என்று தெரியும்போது உண்டாகும் வியப்பு, தேடலுக்கான முதல் கூலி.

இந்த இடத்தில் பேரகராதி நின்றுவிடுகிறது. மூலச்சொல் எது என்று சொல்வதே அதன் பணி. அந்த மூலச்சொல் எப்படி வளர்ந்தது என்பதை அது ஆராய்வதில்லை. மேலே போக விரும்புகிறவர் இதே தளத்திலுள்ள டர்னரின் இந்தோ-ஆரிய மொழிகளின் ஒப்பியல் அகராதியைத் திறக்க வேண்டும். வடமொழிச் சொல் வட இந்திய மொழிகளில் சிதறி வழங்கும் வடிவங்களை அங்கே காணலாம். இந்தியில் ‘சகுன்’ என்று நல்ல நிமித்தத்துக்கும் மங்கல நேரத்தில் தரும் அன்பளிப்புக்கும் வழங்குவது இதே சொல்தான். பின்னோக்கிப் போனால், ரிக் வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில் 42, 43ஆம் பாடல்கள் கூவுகிற பறவை ஒன்றை நேரில் விளித்து, எங்களுக்கு மங்கலமாக இரு, எங்கள் வீடுகளின் வலப்புறத்திலிருந்து ஒலி எழுப்பு என்று வேண்டுகின்றன. பறவை நிமித்தமாக மாறும் கணம் அந்தப் பாடல்களிலேயே தெரிகிறது: பெயர் இன்னும் பறவையையே குறிக்கிறது, ஆனால் வேண்டுகோள் அதன் குரல் கொண்டுவரும் பலனைப் பற்றியது. மகாபாரதத்துச் சகுனியின் பெயருக்கும் பறவை என்பதே பொருள். பறவைகளால் காக்கப்பட்ட குழந்தைக்குச் சகுந்தலை என்று பெயர் அமைந்ததும் இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்த சகுந்தம் என்ற சொல்லால்தான்.

வடமொழிக்கு மட்டும் உரிய எண்ணமாக இதைக் கருத வேண்டியதில்லை. இலத்தீனில் நிமித்தம் பார்த்தலைக் குறிக்கும் ‘ஆஸ்பிசியம்’ என்ற சொல், பறவை என்பதும் நோக்குதல் என்பதும் சேர்ந்து பிறந்தது. கிரேக்கத்திலும் பறவையைக் குறிக்கும் சொல்லே நிமித்தத்தையும் குறித்தது. நாம் நெடுநேரம் தங்க வேண்டிய இடமோ தமிழின் சொந்தச் சொல்லாகிய ‘புள்’.

பேரகராதியில் புள் என்ற பதிவைத் திறந்தால், அங்கும் பறவையும் நிமித்தமும் ஒரே தலைச்சொல்லின் கீழ் நிற்கின்றன. அதாவது, சகுனம் என்ற சொல் தமிழில் செய்கிற வேலை முழுவதையும் புள் என்ற சொல் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தது. தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘நாளும் புள்ளும் பிறவற்றின் நிமித்தமும்’ என்று ஒரு தொடர் வருகிறது. நாள் பார்த்தலையும் புள் பார்த்தலையும் தனித்தனியே சொல்லிவிட்டு, எஞ்சியவற்றை ‘பிறவற்றின் நிமித்தம்’ என்று தொகுப்பதால், நிமித்தம் என்பது பொதுப்பெயராகவும் புள் அதன் தலையாய வகையாகவும் எண்ணப்பட்டன என்று கொள்ளலாம். புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் காவலைப் புகழும்போது, ‘புதுப்புள் வரினும் பழம்புள் போகினும்’ மக்கள் நடுங்க அறியாத காவல் என்கிறார். இதுவரை வராத பறவை வருவதும், வழக்கமாக இருந்த பறவை ஊரை விட்டு நீங்குவதும் தீய நிமித்தங்கள் என்பது இதற்குள் அடங்கிக் கிடக்கிறது. இங்கே புள் உண்மையான பறவைதான். சிறகுள்ளது, வருவது, போவது.

கபிலர் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய 124ஆம் பாடலுக்கு வந்தால் சொல் சற்றே நகர்ந்திருக்கிறது. ‘நாள் அன்று போகிப் புள் இடை தட்ப’ – நல்ல நாள் அல்லாத நாளில் புறப்பட்டு, வழியில் புள் தடுத்து, தக்க வேளை அல்லாத வேளையில் உள்ளே நுழைந்து, திறமில்லாத சொற்களைச் சொன்னாலும், காரியிடம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பது பாட்டு. பறவை வழியை மறிக்கும் காட்சியும், நிமித்தம் காரியத்தைத் தடுக்கும் கருத்தும் அந்த ஒரே சொல்லில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன. சகுனத்தடை என்று நாம் இன்று சொல்வதன் பழைய வடிவம் ‘புள் இடை தட்ப’ என்பதுதான். இன்னொரு நுட்பமும் இருக்கிறது: இந்தப் பாட்டு நிமித்தத்தின் வலிமையைப் பாடவில்லை, அது ஒரு வள்ளலின் முன் செல்லுபடியாகாமல் போவதைப் பாடுகிறது. 204ஆம் பாடலில் கழைதின் யானையார் ஓரியிடம் பேசுவது இதற்கு மறுபக்கம். பரிசில் கிடைக்காதவர்கள் தாம் புறப்பட்ட புள்ளையும் பொழுதையும் பழிப்பார்களே ஒழிய, தாம் நாடிச் சென்றவரைப் பழிக்க மாட்டார்கள், ஆகவே உன்னை நான் வெறுக்கவில்லை என்கிறார். கொடாதவன் மீது விழ வேண்டிய பழியைச் சுமக்கும் பொருளாகப் புள் அங்கே ஆகிவிடுகிறது. சகுனம் சரியில்லை என்று நாம் சொல்லும் பொழுதுகளில் எத்தனை பொழுது யாரையோ காப்பாற்றுவதற்காகச் சொல்கிறோம் என்பதை இந்தப் பாட்டைப் படித்த பிறகு நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

புள் என்ற சொல் பறவையை முற்றிலும் விட்டுப் பிரிந்துவிட்ட இடம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. பேரகராதியில் ‘வாய்ப்புள்’ என்று ஒரு தலைச்சொல் உண்டு. வாய் என்பதும் புள் என்பதும் சேர்ந்த தொடர் அது. நற்சொல்லாகிய நிமித்தம் என்பது பொருள். அகராதியைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடாமல் பாட்டைத் திறந்து பார்க்க வேண்டும். போருக்குச் சென்ற தலைவன் திரும்பவில்லை, மழைக்கால மாலை. முதுபெண்டிர் ஊரின் புறத்தே போய், நாழியில் கொண்டுவந்த நெல்லையும், வண்டு மொய்க்கும் முல்லை மலரையும் தூவி, கைதொழுது, யாருடைய சொல்லேனும் காதில் விழுமா என்று காத்து நிற்கிறார்கள். ‘பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்ப’ என்கிறது பாட்டு. அப்போது, சிறிய கயிற்றால் கட்டப்பட்ட இளங்கன்று தாயைக் காணாமல் தவிப்பதைக் கண்ட ஆய்மகள் ஒருத்தி, குளிரால் நடுங்கும் தோளின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள் என்று கன்றிடம் சொல்கிறாள். அவளுக்கு இந்த முதியவர்கள் நிற்பது தெரியாது. தலைவனைப் பற்றியும் அவள் நினைக்கவில்லை. கன்றுக்குச் சொன்ன அந்த ஆறுதலையே தங்களுக்கான நல்வாக்காக ஏற்று, நல்ல நல்லோர் வாய்ப்புள் கேட்டோம், தலைவர் வினைமுடித்து வருவது உறுதி என்று முதியவர்கள் தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் பறவையே இல்லை. இருப்பது ஒரு பெண்ணின் வாய்ச்சொல் மட்டுமே. ஆயினும் அதன் பெயர் வாய்ப்புள். ‘புள்’ நிமித்தம் என்ற பொருளில் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

விரிச்சி என்ற சொல்லும் பேரகராதியில் உண்டு. இத்தகைய நற்சொல்லை எதிர்நோக்கிக் கேட்பதை ஒரு முறையாகவே பழந்தமிழர் வைத்திருந்தனர். நிரை கவரப் புறப்படும் மறவர் பாக்கத்தில் விரிச்சி கேட்பதைத் தொல்காப்பியம் வெட்சித்திணையில் ஒரு துறையாக்கியிருக்கிறது. புறநானூற்று 280ஆம் பாடலில், மார்பில் புண்பட்டுக் கிடக்கும் கணவனின் அருகிருக்கும் மனைவி, விளக்கு நில்லாமல் அணைவதையும், கூகையின் அச்சமூட்டும் குரலையும் சொல்லி, நெல்லும் நீரும் எறிந்து விரிச்சி கேட்ட முதுபெண்டின் சொல்லும் நிரம்பவில்லை என்கிறாள். முல்லைப்பாட்டில் நிறைவேறியது இங்கே நிறைவேறாமல் போகிறது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் விரிச்சி என்ற சொல்லின் கனம் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு வரியும் தமிழில் ஒரு வரியும் தரும் எந்த அகராதியாலும் அதைத் தந்துவிட முடியாது.

இணையப் பதிப்பின் தனிச்சிறப்பு இனித்தான் வருகிறது. அச்சு அகராதியில் தலைச்சொல்லைக் கொண்டு பொருளுக்குப் போகலாம். பொருளைக் கொண்டு தலைச்சொல்லுக்கு வர வழியில்லை. இப்பதிப்பில் பதிவுகளின் உட்பகுதி முழுவதிலும் தேடும் வசதி இருப்பதால், பொருள் விளக்கத்தில் நிமித்தம் வருகிற சொற்களை ஒருசேரத் திரட்டிப் பார்க்க முடிகிறது. வாய்ப்புள் போன்று இன்றைய பேச்சில் இல்லாத, இப்படி ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்தாலன்றித் தேட முடியாத சொற்கள் இந்த வழியில்தான் கண்ணில் படுகின்றன. தேடும்போது ஒரு கருத்து: நிமித்தம் என்று முழுச்சொல்லாக இடுவதைவிட ‘நிமித்த’ என்று பகுதியாக இட்டால், நிமித்தத்தை, நிமித்தமாக, நிமித்தங்கள் என்று உருபேற்று வரும் இடங்களும் அகப்படும். தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் தேடுகிற எவருக்கும் இந்தப் பழக்கம் பயன்படும். ஆங்கிலப் பொருள்வழித் தேடலையும் சேர்த்துக்கொண்டால் விடுபடுவது இன்னும் குறையும்.

குறைகளும் இருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை நூலினுடையவை, தளத்தினுடையவை அல்ல. முதலாவது, தமிழ்ப் பொருள் பல இடங்களில் ஒரு சொல்லுக்கு மறுசொல் தருவதோடு முடிந்துவிடுகிறது. சகுனத்துக்கு நிமித்தம், நிமித்தத்துக்குச் சகுனம் என்று சுற்றிவந்தால், இரண்டும் அறியாதவர்க்கு இரண்டும் விளங்காது. ஆங்கிலம் அறிந்தவர் அந்தப் பகுதியைப் படித்துத் தப்பித்துக்கொள்வார். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு இது உண்மையான இழப்பு. ஒரு தமிழ் அகராதி தமிழரைப் பார்த்து முதலில் பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நிமித்தம் என்ற சொல்லிலேயே விளக்க வேண்டிய செய்தி நிறைய உண்டு: பணி நிமித்தமாக வெளியூர் சென்றார் என்னும்போது அது காரணம், தீநிமித்தம் என்னும்போது அது அறிகுறி. முன் நிற்பதையும் பின் வருவதையும் ஒரே சொல் எப்படிச் சுட்டுகிறது என்ற கேள்விக்கு அகராதி இரண்டு பொருளையும் எண்ணிட்டுத் தருவதோடு அமைகிறது.

இரண்டாவது குறை, காலம். பொருள்கள் எந்த வரிசையில் தோன்றின, ஒரு சொல் எப்போது முதன்முதலில் ஏட்டில் காணப்படுகிறது என்ற குறிப்பு இங்கே இல்லை. புள், விரிச்சி என்று வழங்கிய மொழியில் சகுனம் எந்தக் கட்டத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை அறிய, மேற்கோள் நூல்களின் பெயர்ச்சுருக்கங்களை விரித்து, அந்நூல்களின் காலத்தை நாமே அறிந்து, வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பிங்கலந்தை, சூடாமணி போன்ற நிகண்டுகளின் சுருக்கங்களை அறியாதவர்க்கு அந்த அடைப்புக்குறிகள் வெறும் எழுத்துகளாகவே நின்றுவிடும். ஆகவே சுருக்க விளக்கப் பட்டியலை முதலில் படித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிக முக்கியமானது. கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனத்தடை என்று சொல்லி, வீட்டு விசேஷங்களில் அவளைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திய சமூகத்தின் சொல் இது. பறவையின் பெயர், ஒரு மனுஷியின் முகத்தின் மீது ஒட்டப்பட்ட வரலாறு எந்தப் பதிவிலும் இல்லை. சொற்பிறப்பைக் கடுகளவும் பிசகாமல் தரும் அகராதி, சொல் பிறருக்குச் செய்ததையும் ஒரு வரியில் குறித்திருக்கலாம். தமிழில் இனி எழுதப்படும் வரலாற்று அகராதிகளாவது இதைச் செய்ய வேண்டும். நம் பழமொழிகள் இந்த நேர்மையை எப்போதோ காட்டிவிட்டன: ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுவதையும், எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனையும் அவை விட்டுவைக்கவில்லை.

பல்லி என்றதும் ஒன்று. பல்லி சொல்வதையும் கண் துடிப்பதையும் பிற்காலத்து நம்பிக்கை என்று எண்ணுகிறவர்கள் கலித்தொகையின் 11ஆம் பாடலைப் பார்க்க வேண்டும். ‘மனைவயின் பல்லியும் பாங்கொத்து இசைத்தன, நல்லெழில் உண்கணும் ஆடுமால் இடனே’ என்று தலைவன் திரும்பிவருவான் என்ற உறுதியோடு அந்தப் பாட்டு முடிகிறது. பெண்ணுக்கு இடக்கண் துடித்தல் நன்று என்ற நம்பிக்கைதான் சிலப்பதிகாரத்து இந்திரவிழாவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்ததாகப் பாட வைக்கிறது.

இதே தளத்தில் வின்சுலோவின் அகராதியும் பெப்ரீசியசின் அகராதியும் இருக்கின்றன. விரைவாக ஒரு பொருள் வேண்டும் என்றால் பெப்ரீசியசு போதும். மேற்கோளும் சொற்பிறப்பும் வேண்டுபவர் பேரகராதிக்கே வர வேண்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் 1984ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பும் இங்கே கிடைக்கிறது. புள் போன்ற திராவிடச் சொல்லுக்கு உறவுமொழிகளில் என்ன வடிவம் என்று அதில் பார்க்கலாம். சகுனம் வடமொழிச் சொல்லாகையால் அதில் தேடிப் பயனில்லை, அதற்கு டர்னர்தான். பாடல்களை உரையோடு படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தை இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். மேற்கோளின் நூற்பெயரும் எண்ணும் பேரகராதியிலேயே இருப்பதால் பாட்டைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்காது.

மாணவர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பழைய உரைகளோடு மல்லுக்கட்டுபவர் ஆகியோருக்கு இப்பதிப்பை முழுமனத்தோடு பரிந்துரைக்கிறேன். இன்றைய வழக்குச் சொற்களுக்கோ, கடந்த எண்பது ஆண்டுகளில் வந்த புதுச் சொற்களுக்கோ இது உதவாது. அதற்கு வேறு அகராதி வேண்டும். முதன்முறை பயன்படுத்துகிறவர் சகுனம் என்ற சொல்லில் தொடங்கி, அங்கிருந்து புள்ளுக்கும், புள்ளிலிருந்து வாய்ப்புள்ளுக்கும், அதிலிருந்து விரிச்சிக்கும் போய்ப் பார்க்கட்டும். ஒவ்வொரு பதிவின் கடைசியில் நிற்கும் மேற்கோளை மட்டும் தவிர்த்துவிடாமல் படிக்கட்டும்.